பிஸ்டன் ஏன் பிடித்துக்கொண்டது?

கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்மேடுகள் கிடக்கின்றன. வரைபடத்தில் அவற்றுக்கு அல்கோடோனெஸ் என்று பெயர். வண்டி ஓட்டுகிறவர்கள் கிளாமிஸ் என்பார்கள். குளிர்காலம் வந்துவிட்டால், எந்தத் தரையிலும் ஓடக்கூடிய ஏடிவி வண்டிகள் அங்கே ஆயிரக்கணக்கில் கூடும். அந்தக் கூட்டத்தில் இன்றும் தனியாகக் கேட்கும் ஓர் ஓசை யமஹா பான்ஷியுடையது. 1987 மாடலாக வந்து 2006 வரை அமெரிக்காவில் விற்பனையில் இருந்த வண்டி. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் எஞ்சின், 347 சிசி. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர்தான்.

இந்த எஞ்சின் நமக்கு அந்நியமானதல்ல. 1983-இல் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய ராஜ்தூத் 350, யமஹா ஆர்டி 350-இன் இந்தியப் பதிப்பு. அதன் சிலிண்டர் விட்டம் 64 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 54. பான்ஷியிலும் அதே 64, அதே 54. ராஜ்தூத் காற்றில் குளிரும்; பான்ஷியின் எஞ்சின் அடுத்த தலைமுறையான ஆர்இசட் 350-இன் தண்ணீர் எஞ்சினிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே குடும்பம். ராஜ்தூத்தை இன்னும் ஓடவைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் பான்ஷியைக் கொடுத்தால், ரேடியேட்டரைத் தவிர அவருக்குப் புதிதாக எதுவும் இருக்காது.

சிலிண்டர், ஹெட், பிஸ்டன், ரிங்குகள், பிஸ்டன் பின் ஆகிய மேல்பாதிக்கு டாப் எண்ட் என்று பெயர். கீழே இருக்கும் கிராங்கையும் கியர்களையும் தொடாமல் இதை மட்டும் கழற்றிப் புதுப்பிப்பது, வீட்டுக் கொட்டகையில் ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் செய்யக்கூடிய வேலை. பலர் செய்கிறார்கள். புதுப் பிஸ்டன் செட் வாங்கிப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டி, அதையும் இழக்கிறவர்களும் பலர். பிஸ்டன் சிலிண்டர் சுவரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது என்பது விளைவு. காரணம் பெரும்பாலும் பிஸ்டனில் இருப்பதில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் உள்ளே போகும் புதுப் பிஸ்டன், பழையதற்கு நேர்ந்ததைத் திரும்ப அனுபவிக்கத்தான் போகிறது.

முதலில் அந்தப் பிஸ்டனின் வாழ்க்கையைப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 9000 சுற்று ஓடும்போது அது நொடிக்கு 150 முறை மேலே போய்க் கீழே வருகிறது. சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டர். ஆனால் சராசரியைவிடத் திருப்பம்தான் கொடுமையானது. உச்சியில் ஒவ்வொரு முறையும் முழுதாக நின்று எதிர்த்திசையில் பாய வேண்டும். கணக்குப் போட்டால் அந்தக் கணத்தின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 3000 மடங்கு வருகிறது. பிஸ்டன் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது தன் பின்னையும் கனெக்டிங் ராடையும் 600 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வால்வு வேலை. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே 1891-இல் காப்புரிமை கோரிய வடிவத்திலிருந்து தொடங்கும் மரபு இது. கிராங்க் சுழலும் கீழறையே ஒரு பம்ப். அது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை உறிஞ்சி, அழுத்தி, மேலே அனுப்புகிறது. சிலிண்டர் சுவரில் வெட்டிய வாசல்களைப் பிஸ்டன் தன் உடம்பாலேயே மூடித் திறக்கிறது. 9000 சுற்றில் புதுக்கலவை உள்ளே நுழையும் வாசல்கள் ஒவ்வொரு தடவையும் 2 மில்லிநொடி சொச்சம்தான் திறந்திருக்கும். ரிங்குகள் அந்தத் திறந்த வாசல்களின் விளிம்புகள்மேல் வழுக்கிப் போக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் ரிங்குக்கு இந்தத் துன்பம் இல்லை.

இன்னும் முக்கியமான வேறுபாடு எண்ணெயில் இருக்கிறது. இந்த எஞ்சினின் மேல்பாதிக்கும் கிராங்குக்கும் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. 24 பங்கு அல்லது 32 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்று டேங்கிலேயே எண்ணெயைக் கலக்கிறார்கள். பெட்ரோல் வந்தால்தான் எண்ணெய் வரும். ஆகவே கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் இரண்டு கேடுகள் ஒன்றாக வருகின்றன: எரிதலின் வெப்பம் ஏறுகிறது, சுவரில் எண்ணெய் குறைகிறது. வெப்பத்தில் பிஸ்டன் பருக்கும் அதே நேரத்தில் அதைக் காக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலிகிறது. பான்ஷி பிஸ்டன்கள் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தேடினால், இந்த வறண்ட கலவையில்தான் மறுபடி மறுபடி வந்து நிற்போம்.

அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது கம்ப்ரஷன் அளவு. இரண்டு பிளக்குகளையும் கழற்றி, கேஜைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கிக்கரை மிதிக்க வேண்டும். பாதி மூடியிருந்தால் காற்று போதாமல் எண் குறைத்துக் காட்டும். இரண்டு சிலிண்டர்களும் பத்து சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். அடுத்தவர் வண்டியின் எண்ணோடு ஒப்பிடுவது வீண். 1600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல எஞ்சினும் அங்கே குறைவாகத்தான் காட்டும். தன் வண்டி புதிதாக இருந்தபோது அதே ஊரில், அதே கேஜில் காட்டிய எண்தான் அளவுகோல்.

இரண்டாவது சோதனையைத்தான் நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். இந்த வேலை முழுவதிலும் மிக மதிப்புள்ளது அதுவே. கார்புரேட்டர் பொருந்தும் வாய்களையும் சைலன்சர் வாய்களையும் ரப்பர் அடைப்பால் மூடி, எஞ்சினுக்குள் 6 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்றடித்துவிட்டு 6 நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஓட்டை. சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். கீழறை பம்பாக இருப்பதால், பிஸ்டன் மேலே போகும்போதெல்லாம் அங்கே உறிஞ்சும் அழுத்தம் உண்டாகிறது. ஓட்டை வழியே கார்புரேட்டர் அறியாத காற்று நுழைகிறது. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும் கலவை வறண்டுவிடும். இன்டேக் ரப்பர்களில் விழும் வெடிப்பு, இரண்டு இன்டேக்குகளையும் இணைக்கும் சின்னக் குழாய், சிலிண்டரின் அடிக் கேஸ்கெட், கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். மின்சாரச் சுருள் இருக்கும் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று நுழையும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே இழுபட்டு, வெள்ளைப் புகையாக வெளியே வரும். எஞ்சினைப் பிரித்த பிறகு இந்தச் சாட்சியங்கள் எதுவும் மிஞ்சாது. அதனால்தான் முன்பே பார்க்க வேண்டும்.

பிறகு வண்டியைக் கழுவ வேண்டும், நன்றாக. கிளாமிஸ் மணலில் நிறைந்திருப்பது குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. சிலிண்டருக்குள் இருக்கும் வார்ப்பிரும்பு ஸ்லீவையும் ரிங்கையும் அது எளிதில் கீறும். ஹெட் நட்டுகளைச் சுற்றித் தங்கிய மணலில் ஒரு சிட்டிகை கிராங்குக்குள் விழுந்தால், மேல்பாதி வேலை முழு எஞ்சின் வேலையாகிவிடும். சிலிண்டரைத் தூக்கும்போதே கீழறையின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுவது அதற்காகத்தான்.

வெளியே வந்த பிஸ்டனைத் துடைக்கும் முன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நடந்தது அதில் பதிவாகியிருக்கும். சைலன்சர் வாசலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் செங்குத்தான கீறல்களும் ஈயம் பூசியதுபோன்ற மங்கலும் இருந்தால், வறண்ட கலவையோ மிகைவெப்பமோ காரணம். எரிந்த வாயு வெளியேறும் அந்தப் பக்கம்தான் எப்போதும் அதிகச் சூடு. சுற்றிலும் நான்கு இடங்களில் கோடு விழுந்திருந்தால், எஞ்சின் சூடேறும் முன்பே முடுக்கப்பட்டிருக்கிறது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் குளிர்ச்சியாக நிற்க, பிஸ்டன் மட்டும் வேகமாகப் பருத்ததன் அடையாளம் அது. இன்டேக் பக்கம் மங்கி, அரம் போட்டதுபோலத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மணல் வந்திருக்கிறது. தலையின் ஓரம் பொடிப்பொடியாக அரித்திருந்தால் டெட்டனேஷன்: தீயின் முகப்பு வந்து சேரும் முன்பே, ஓரத்தில் நசுங்கிக் கிடந்த கலவை தானாக வெடித்திருக்கிறது. தலையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் கருகிக் கன்னங்கரேலென்று படிந்திருந்தால் அந்தப் பிஸ்டன் நெடுநேரம் அளவுக்கு மீறிய சூட்டில் ஓடியிருக்கிறது. தலையில் புதுக்கலவை மோதும் இடங்கள் கரி படியாமல் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தமான திட்டுகள் முற்றிலும் மறைந்திருப்பதும் வறட்சிக்கு ஒரு சான்று. சிறிய ஏர் லீக்கில் ஒரு பக்கத்துப் பிஸ்டன் மட்டும் இப்படி மாறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இரட்டை சிலிண்டர் தரும் வாய்ப்பு இது.

அடுத்து அளவு. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய வித்தியாசம், இந்த எஞ்சினின் வார்ப்புப் பிஸ்டனுக்கு, விட்டத்தில் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் அவ்வளவுதான். ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் போட்டால் அது இன்னும் பருக்கும். இடைவெளியும் கூடுதலாக விட வேண்டும். தயாரிப்பாளர் பெட்டிக்குள் வைக்கும் தாளில் அந்த எண் இருக்கும், அதையே பின்பற்ற வேண்டும்.

இவ்வளவு நுட்பம் எதற்கு? பிஸ்டன் அலுமினியக் கலவை, ஸ்லீவ் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. அதற்குமேல், நெருப்பைத் தொடுவது பிஸ்டன். ஸ்லீவுக்கு முதுகில் தண்ணீர் இருக்கிறது. பிஸ்டன் தலை 200 டிகிரி சூடேறினால் 64 மில்லிமீட்டர் விட்டம் கால் மில்லிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. ஸ்லீவ் வளர்வது 0.06 சொச்சம். வெறும் உருளையாகக் கடைந்த பிஸ்டனாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே இறுகிவிடும். அதனால் பிஸ்டனின் தலையைச் சிறிதாகவும் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டைப் பெரிதாகவும் கடைகிறார்கள். போதாததற்கு, பிஸ்டன் பின் போகும் திசையில் உலோகம் தடிமனாக இருப்பதால் அது அந்தத் திசையில் அதிகம் விரியும் என்று, குறுக்குவெட்டையும் வட்டமாக விடாமல் லேசான நீள்வட்டமாக வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கோணல்கள் ஓட்டத்தின் சூட்டில் நேராகின்றன. இயந்திரவியலில் எனக்கு மிகப் பிடித்த சிந்தனைகளில் இது ஒன்று: குளிர்ந்திருக்கும்போது வேண்டுமென்றே தவறான வடிவம்.

ஆகவே பிஸ்டனை மைக்ரோமீட்டரால் எங்கே வேண்டுமானாலும் அளக்கக் கூடாது. பின்னுக்குச் செங்குத்தான திசையில், ஸ்கர்ட்டின் அடி விளிம்புக்குச் சற்று மேலே, கையேடு குறிக்கும் உயரத்தில் அளக்க வேண்டும். சிலிண்டரை டயல் கேஜால் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் சிலிண்டர் முட்டையாகவோ சரிவாகவோ தேய்ந்திருக்கிறது. புது ரிங் அதில் உட்காராது. வெர்னியர் காலிப்பரை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அதன் பிழையே நாம் தேடும் இடைவெளியில் பெரும்பங்கு.

தேய்ந்திருந்தால் போரிங் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். இதை வீட்டில் செய்ய முயல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இந்த எஞ்சினை வடிவமைத்தவர்களின் பெருந்தன்மையை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்லீவில் இரும்பு தாராளமாக இருக்கிறது. பிஸ்டன்கள் 64.25, 64.50 என்று கால் மில்லிமீட்டர் படிகளாகக் கிடைக்கின்றன. 66 வரை கடையலாம். திரும்பத் திரும்பப் புதுப்பிக்கத் தோதாகச் செய்த பொருள் அது. பல புதிய எஞ்சின்களில் ஸ்லீவுக்குப் பதிலாக நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு வருகிறது. அது மிகக் கடினமானது, நன்றாக உழைக்கும், வெப்பத்தை வேகமாகக் கடத்தும். உரிந்துவிட்டால் மட்டும் மறுபடி பூசித்தான் ஆக வேண்டும், அல்லது புது சிலிண்டர். பட்டறைக்குச் சிலிண்டரை அனுப்பும்போது புதுப் பிஸ்டன்களையும் சேர்த்துக் கொடுங்கள். எண்ணைப் பார்த்துக் கடையாமல், உள்ளே போகப்போகும் பிஸ்டனை அளந்து கடைவதே சரி. எந்தப் பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்று குறித்தும் வாங்குங்கள்.

கடைந்த சுவரில் ஹோனிங் கல் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் போடுகிறது. எண்ணெய் தங்குவதற்கும், ரிங் முதலில் உரசிப் பழகுவதற்கும் அவை வேண்டும். வாசல்களின் கூரிய விளிம்புகளை மழுக்கியிருக்கிறார்களா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மழுக்காத விளிம்பு ரிங்கைச் சீவிவிடும். அந்தக் கோடுகளுக்குள் கல்லின் பொடி ஒட்டியிருக்கும். பெட்ரோலால் கழுவினால் அது போகாது. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். வெள்ளைத்துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை. ஈரமான வார்ப்பிரும்பு சில நிமிடங்களிலேயே துருப் பிடிக்கத் தொடங்கும், உடனே துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டும் முன் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கிடையே ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்க வேண்டும். 0.3 முதல் 0.45 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். இந்த எண்ணும் வெப்பத்திலிருந்து வருவதுதான். ரிங்கின் சுற்றளவு 201 மில்லிமீட்டர். அது 150 டிகிரியும் சிலிண்டர் 80 டிகிரியும் சூடேறினால், முனைகள் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் நெருங்கும். அதற்கு இடமில்லாவிட்டால் முனைகள் முட்டி, ரிங் வெளியே பிதுங்கி, வாசலில் மாட்டி ஒடியும். டூ ஸ்ட்ரோக் ரிங் சுழன்றுவிடாமல் பள்ளத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கும். முனைகள் அதன் இருபுறமும் உட்கார வேண்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனை மாற்றிப் போட்டால் ரிங்கின் வாய் வாசலுக்கு நேரே வந்துவிடும்.

பின்னைத் தடுத்து நிறுத்தும் சர்க்ளிப்புகளை ஒருபோதும் இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. அவற்றின் திறந்த வாய் மேலோ கீழோ பார்க்க வேண்டும், பக்கவாட்டில் கூடாது. நொடிக்கு 150 முறை 3000 மடங்கு முடுக்கத்தில் குலுங்கும் கம்பி, பக்கவாட்டில் திறந்திருந்தால் தன் எடையாலேயே ஒடுங்கித் துள்ளி வெளியேறலாம். வெளியேறிய சர்க்ளிப் சிலிண்டரைக் கிழித்துவிடும்.

ஹெட்டை மாட்டியதும் இன்னோர் இடைவெளி மிச்சமிருக்கிறது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, அதன் ஓரத்துக்கும் ஹெட்டின் ஓரத்துக்கும் நடுவே உள்ள சந்து அது. பிளக் துளை வழியே சாலிடர் கம்பியைப் பின் போகும் திசையில் சுவரைத் தொடும்வரை விட்டு, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய நுனியை அளந்தால் தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டரை ஒட்டியிருந்தால், ஓரத்துக் கலவை பீய்ச்சியடித்து நடுவே தள்ளப்படும். நன்றாகக் கலங்கி வேகமாக எரியும், ஓரத்தில் தானாக வெடிக்க எதுவும் மிஞ்சாது. மிகக் குறைந்தால் உயர்சுற்றில் ராட் நீண்டு பிஸ்டன் ஹெட்டைத் தொடும். மிகக் கூடினால் டெட்டனேஷனுக்கு இடம் கொடுத்ததாகும். நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டின் வரிசைப்படி, இரண்டு மூன்று தவணையாக இறுக்க வேண்டும். எல்லாம் மாட்டியபின் காற்றடைத்து அதே 6 நிமிடச் சோதனையை மறுபடி செய்யாமல் கிக்கரில் கால் வைக்கக் கூடாது.

முதல் ஓட்டத்தைப் பற்றிப் பல கருத்துகள் உண்டு. இயற்பியல் சொல்வது இது: ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த வில்விசை மட்டுமல்ல, அதன் முதுகுக்குப் பின்னால் புகும் எரிந்த வாயுவின் அழுத்தமும்தான். வெறுமனே ஐட்லிங்கில் விட்டால் ரிங் உட்காராது. முழு ஆக்சிலரேட்டரில் நீண்ட நேரம் ஓட்டினாலோ, உரசும் புதுப்பரப்புகளின் சூடு வெளியேற வழியில்லை. சூடேற்றி முழுதாக ஆறவிடுவதைச் சில தடவை செய்துவிட்டு, பிறகு சுமையை ஏற்றி இறக்கி, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதே பொருத்தம். எஞ்சின் ஆறியதும் ஹெட் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பிஸ்டன் பிடிக்க ஒரு வழி மிஞ்சுகிறது. யூட்டா மாநிலத்தில் 1300 மீட்டர் உயரத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியில் எஞ்சினைப் புதுப்பித்து, அந்த ஊர்க் காற்றுக்கு ஜெட்டைச் சரிபார்த்து, விடுமுறைக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கிளாமிஸுக்கு இறக்குகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மணல்மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் நூறு மீட்டர் உயரம்தான். அங்கே காற்று ஏறத்தாழ 15 சதவீதம் அடர்த்தி கூடியது. கார்புரேட்டர் அந்த மாற்றத்தை அரைகுறையாகத்தான் உணரும். பெட்ரோல் தானாகக் கூடுவது காற்று கூடியதில் பாதி அளவு. மீதி வறட்சி. அதற்குமேல் பாலைவனத்தின் விடியற்காலை 5 டிகிரியாக இருந்தால், 25 டிகிரிப் பிற்பகலைவிடக் காற்று இன்னொரு 7 சதவீதம் அடர்ந்திருக்கும். மணலின் சுமையில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து மேட்டில் ஏறும்போது எஞ்சின் முழுக்க நம்பியிருப்பது மெயின் ஜெட் என்ற அந்தச் சின்னப் பித்தளைத் துளையைத்தான். வண்டியை இறக்கியதும், கிக்கரை மிதிக்கும் முன்பு, இரண்டு கார்புரேட்டர்களிலும் பெரிய எண் ஜெட்டை மாட்ட வேண்டும். ஒரு முழு வேக ஓட்டத்தின் முடிவில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பீங்கானின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேட்டில் ஏற வேண்டும்.